வேலியன்ட் எஞ்சினைச் சாய்த்து வைக்க வில்கமுவைக்குப் போனேன்

போன மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உக்குவளையிலிருந்து வில்கமுவைக்குச் சின்ன லொறி ஒன்றில் போய் வந்தேன். லொறி மீட்டர்படி போக 96 கிலோமீற்றர், வர 96. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன் அங்குள்ள விவசாயி ஒருவருக்கு நான் சொன்ன தப்பான யோசனையைத் திருத்தவும், என் காரின் எஞ்சினை இரும்பு வியாபாரியிடம் போகாமல் காப்பாற்றவும் போனேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. தோட்டத்துக் கராஜில் வேலை செய்தவன். எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்தான் மாலை வகுப்பில் சேர்ந்து வாசிக்கப் பழகினேன். நீங்கள் ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கப்போகும் இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகவே எழுதினேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் வேலியன்ட். தோட்டத்துத் துரை ஓட்டிய நீல நிறக் கார். டிக்கி மூடியின் மேல் டயர் வைத்ததுபோல ஒரு வட்டப் புடைப்பு இருக்கும். உள்ளே டயர் கிடையாது, வெறும் அழகுக்குத்தான். துரை ஊரை விட்டுப் போனபோது நான் அதை வாங்கினேன். பெற்றோல் விலை ஏறிய பிறகு, எல்லோரையும் போல நானும் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் எஞ்சினை உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து கார் உரல்போல இடித்துக்கொண்டேதான் ஓடுகிறது. கழற்றிய எஞ்சினை வில்கமுவையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கக் குணபால என்பவர் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த எஞ்சின் காருக்குள் வலது பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். எந்தக் காலத்திலோ எங்கேயோ மோதி, எஞ்சினைத் தாங்கும் கால்கள் இறங்கிவிட்டன என்று நினைத்தேன். கராஜில் இருந்தபோது எத்தனையோ முறை அடியில் ரப்பர் வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். நிமிரவே இல்லை. அதனால் குணபாலவிடம், "இது சாஞ்சு போன எஞ்சின். நீங்க தரையில வைக்கிறப்ப நேரா நிமித்தி வச்சுக்கங்க" என்று எல்லாம் தெரிந்த மெக்கானிக் பாஸ் மாதிரிச் சொல்லி அனுப்பினேன்.

போன மார்கழியில் என் மகள் கைபேசியில் வேலியன்ட் காரின் வரலாற்றைத் தமிழில் எடுத்துத் தந்தாள். வகுப்புப் பாடத்துக்கு வெளியே நான் வாசித்த முதல் விஷயம் அதுதான். அமெரிக்காவில் கார்கள் கப்பல்போலப் பெருத்துக்கொண்டே போன காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த சின்னக் கார்களை மக்கள் வாங்கத் தொடங்கினார்களாம். அதற்குப் போட்டியாக அமெரிக்கக் கம்பனிகளும் சின்னக் கார்கள் செய்தன. அதில் ஒன்று 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த வேலியன்ட். சின்னக் காராம்! எங்கள் தோட்டத்து வளைவுகளில் இதைத் திருப்ப இரண்டு தடவை பின்னால் எடுக்க வேண்டும்.

வாசிக்கத் தொடங்கி ஏழாவது நாள் ஒரு வரிக்கு வந்தேன். பொனட்டைத் தாழ்வாக வைப்பதற்காக, ஆறு சிலிண்டர் எஞ்சினை முப்பது பாகை சாய்த்தே வடிவமைத்தார்கள் என்று எழுதியிருந்தது. நான்கு தடவை வாசித்தேன். சாய்ந்தது காரின் குறை இல்லை. அது அப்படியே பிறந்தது. அப்படியானால் நிமிர்த்தி வைக்கச் சொன்ன நான் குணபாலவுக்கு என்ன செய்திருக்கிறேன்?

பாகை என்றால் எவ்வளவு என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் பலகையில் மணிக்கூடு வரைந்து, "பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி" என்றார். அதே அளவில் ஒரு கார்ட்போர்டு வெட்டியும் தந்தார்.

குணபாலவுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் பேசியது சிங்களத்தில், தமிழில் எழுதுகிறேன். "வாங்கி மூணு மாசந்தான் ஓடுச்சு பாஸ். கார்புரேட்டரால பெற்றோல் வழிஞ்சு ஒரே புகை. தண்ணி இல்லாம ஒரு போக வயல் காஞ்சு போச்சு. நீங்க வித்தது செத்த எஞ்சின்" என்றார். எஞ்சின் சாய்ந்திருந்தால்தான் கார்புரேட்டர் மட்டமாக நிற்கும், நிமிர்த்தியதால்தான் அது சாய்ந்து பெற்றோல் வழிந்தது என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு இரும்பு லொறி வருது. அதுக்கு முன்ன வந்து ஓட்டிக் காட்டுங்க. ஓடுனா இரும்பு விலைக்கே எடுத்துக்கிட்டுப் போங்க. ஓடலன்னா, லொறியில ஏத்த நீங்களும் ஒரு கை பிடிக்கணும்" என்றார்.

"படிக்கப் போங்கன்னு அனுப்புனா எஞ்சின் தேடிப் போறேங்கிறீங்க. அந்த டீச்சர்கிட்ட நானே வந்து பேசுறேன்" என்றாள் என் மனைவி. ஆனாலும் எட்டு ரொட்டியும் கட்டசம்பலும் கட்டித் தந்தாள்.

லொறி ஹனீபா நானாவுடையது. அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. போய்வர வாடகை 22,000 ரூபா. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஆறு மணிக்கு, 29ஆவது கிலோமீற்றரில், நாலந்தாவில் பால் இல்லாத பிளேன்டி குடித்தோம். இந்த வழியில் நூறு தடவையாவது போயிருப்பேன். வளைவைப் பார்த்துத்தான் இடம் சொல்வேன். அன்றைக்குப் பெயர்ப்பலகையைப் பார்த்து, "நாலந்தா" என்று சத்தமாக வாசித்தேன்.

"இனி நீங்க எல்லாப் போர்டையும் படிச்சா நாங்க நாளைக்குத்தான் போய்ச் சேருவோம் பாஸ்" என்றார் நானா. படித்தேன். அப்படியும் நாவுலைச் சந்தியில் வலது பக்கம் திரும்பி எலஹரைக்கு 7.10க்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு கடைகள் குறைவு. சில இடங்களில் பாதை மோசம். யானைச் சாணத்தைப் பார்த்ததும் நானா கண்ணாடியை ஏற்றிவிட்டார். வில்கமுவைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.40.

அறுப்பு முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. குணபால சிரிக்கவில்லை, ஆனால் தேநீர் தந்தார். கொட்டிலுக்குள், இரும்புச் சட்டத்தின் மேல், என் எஞ்சின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் குணபால கவனமான மனிதர். பிளக் துவாரங்களில் எண்ணெய் ஊற்றி, மேலே தறப்பாள் போட்டு மூடியிருந்தார். எஞ்சினின் முன் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். முதலில் அசையவில்லை. இரண்டாவது தடவை கால் வட்டம் சுற்றியது. உள்ளே எதுவும் இறுகிப் போகவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். புது பிளக் போட்டேன். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். அதற்கே பதினொரு மணியாகிவிட்டது. பிறகு மூவருமாகச் சட்டத்தின் ஒரு பக்கத்தை நெம்பித் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை வைத்தோம். நான் கார்ட்போர்டைப் பிடித்து அளந்தேன்.

"இன்னும் கொஞ்சம். இப்ப பன்னெண்டே முக்கால்லதான் நிக்குது. ஒரு மணிக்கு வரணும்."

"இந்தக் கார்ட்போர்டுத் துண்டுக்கா நா விடிய முன்ன எழும்பி வந்தேன்?" என்று நானா மூச்சு வாங்கினார்.

"நேரா நின்னே ஓடல. விழப்போற மாதிரி வச்சா ஓடுமா?" என்றார் குணபால.

அந்த நேரத்தில்தான் வரம்போரம் இரும்பு லொறி வந்து நின்றது. பன்னிரண்டுக்கு வரவேண்டியது, 11.25க்கே வந்துவிட்டது. லொறி பற்றரியிலிருந்து வயர் இழுத்தோம். நானா பெற்றோல் போத்தலை உயரப் பிடித்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் இருமி நின்றது. இரண்டாவது தடவை கரும்புகை. கார்புரேட்டரைப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை! மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

சைலன்சர் இல்லாத ஆறு சிலிண்டர்! கொக்குகள் எல்லாம் வயலை விட்டுப் பறந்தன. நானா போத்தலைக் கீழே விடாமல் நின்ற இடத்திலேயே குதித்தார். கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்துச் சத்தம் சீரானது. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவதுபோல ஒரே சீர். குணபால கிட்ட வந்து, உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஒரு பயம் வந்தது. ஓடுகிற எஞ்சினை யார் விற்பார்கள்?

"வேணும்னா நீங்களே வச்சுக்கங்க. தப்பு என்னுது" என்றேன்.

அவர் பெற்றோல் போத்தலைப் பார்த்தார். பாதி குறைந்திருந்தது. முதல் தடவையாகச் சிரித்தார். "இதுக்கு ஊத்துறதுக்கு நான் வயலையே விக்கணும் பாஸ். எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா கார்ல வச்சதும் முதல்ல இங்க வரணும். நான் முன் சீட்டுல உக்காருவேன்." இரும்பு விலை என்று 18,000 ரூபா வாங்கிக்கொண்டார். இரும்புக்காரர் வெறும் லொறியோடு போகாமல் எஞ்சினைத் தூக்க ஒரு கை பிடித்தார்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போவதானால்: நாவுலையிலேயே பெற்றோல் அடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், எப்போதாவது ஒன்றுதான் வரும். யானை நடமாட்டம் உண்டு, மாலை நான்கு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். நாங்கள் 1.30க்குப் புறப்பட்டு 5.20க்கு வீடு வந்தோம். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதன் வரலாற்றைத் தேடி வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பழகுங்கள். எழுபது வயது ஒன்றும் பிந்திப் போன வயதில்லை.

வாக்குத் தவறவில்லை. பங்குனி முடிவதற்குள் வேலியன்ட் தன் சொந்த எஞ்சினோடு வில்கமுவைக்குப் போனது. 96 கிலோமீற்றரில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. குணபால வெள்ளைச் சட்டை போட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கடைச் சந்தியில் நிறுத்திப் பொனட்டைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பாஸ், எஞ்சின் ஒரு பக்கமா எறங்கிப் போச்சே! அடியில ஒரு கட்டை வச்சு நிமித்திடலாமா?" என்று கையை நீட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குணபால அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத தம்பி. அது அப்படித்தான் நிக்கணும்."