சுடாத மண்ணில் ஒரு பாதம்

கல்யாணமாகி இராஜபாளையம் வந்த பிறகுதான் மண் பிசையப் பழகினேன். கல்லூரியில் என்னோடு படித்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டுப் பின்பக்கம் சின்னதாக ஒரு சூளை. ஊறுகாய் ஜாடி செய்கிற கெட்டி மண்ணில் இருவரும் பொழுதுபோக்காகக் குவளையும் கிண்ணமும் செய்வோம். சமையலை முடித்து, மாமியாரிடம் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

மகன் பிறந்ததும் போட்டோ எடுக்க ஆசைப்பட்டேன். அத்தை விடவில்லை. "ஒரு வயசு முடியட்டும்த்தா. கண்ணு பட்டுரும். பொறவு ஸ்டுடியோவுக்கே தூக்கிட்டுப் போவோம்."

அவர் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எட்டு மாதக் குழந்தையாக இருந்த அவனைத் தோழி வீட்டுக்குத் தூக்கிப் போனபோது, ஈர மண்ணை ஓடு மாதிரி தட்டி, அதில் வலது பாதத்தைப் பதித்தேன். விரல்களை மடக்கிக்கொண்டான். தோழி உள்ளங்காலில் ஊதினாள். விரித்தான்.

"ஏட்டி, சட்டுனு அமுக்கு. முதலாளி மறுபடி கடையச் சாத்திருவாரு," என்றாள்.

அடுத்த மாதம் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவன் திரும்பி வரவில்லை.

ஓடு அவள் அலமாரியில் காய்ந்து கிடந்தது. "கேக்காம சூளையில வைக்க மனசு வரல," என்று கொடுத்தாள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியின் பேண்டேஜ் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் துணியில் மண்தூள் ஒட்டியிருந்தது. ஒருநாள் ஒரு மூலை உதிர்ந்தது. பார்க்காமலே இருந்தால் என்ன என்று நினைத்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சுட்டுருவோம். ஆனா சுருங்குமே," என்றாள் தோழி. "காயும்போதே கொஞ்சம் சுருங்கியிருக்கு. சூளையில இன்னும் கொறையும்."

எனக்கும் தெரியும். சுடாவிட்டால் பாதம் தூளாகிவிடும். சுட்டால் மிஞ்சுவது அவன் பாதத்தின் அளவாக இருக்காது. ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன், மனம் மாறி அப்படியே திரும்பக் கொண்டு வருவேன். மறுபடி உண்டானபோதுதான், தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் பச்சை மண் தங்காது என்று அவளிடம் சுடக் கொடுத்தேன்.

ஒருமுறை சுட்ட பிறகு பளபளப்புக்குக் கிளேஸ் பூச வேண்டும். கஞ்சிபோல் இருக்கும் அந்தப் பூச்சு பள்ளங்களில் தேங்கினால், உருகி அடைத்துவிடும். விரல் தடங்களை ஸ்பாஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சுண்டுவிரலில் மட்டும் அழுத்தித் துடைக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டாம் முறை சூளையிலிருந்து வந்தபோது அங்கே விரல் இல்லை. ஒரு பச்சைச் சொட்டு கண்ணாடிபோல் உறைந்திருந்தது. துடைத்திருக்க வேண்டுமோ, பூச்சே இல்லாமல் விட்டிருக்க வேண்டுமோ, இன்றும் தெரியவில்லை.

வீட்டில் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்துவிட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கால் நீட்டி உட்கார்ந்து, ஓட்டை வாங்கி மடியில் வைத்தார். அவனைத் தினமும் அந்தக் கால்களில் போட்டுத்தான் குளிப்பாட்டுவார்.

"அவன் காலா?"

"ஆமா அத்தை."

வலது கையைப் பாதத்தின் மேல் வைத்தார். நடுவிரல் நுனியைப் பெருவிரல் தடத்தில் பொருத்தி, குதிகால் எங்கே முடிகிறது என்று பார்த்தார்.

"இல்லத்தா. எண்ணெய் தேய்ச்ச கை இது. குதிகா இந்த ரேகை வரைக்கும் வரும்," என்று உள்ளங்கையின் நடுவைக் காட்டினார். "இது எட்டவே இல்லையே."

"மண்ணு சூளையில சுருங்கிரும் அத்தை."

கையை மறுபடி பாதத்தின் மேல் வைத்தார். அவன் பாதம் எவ்வளவு இருந்தது என்று எனக்கு மட்டுமே தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அம்புட்டுத்தான் மிஞ்சுமா?" என்று கேட்டார்.

"அம்புட்டுத்தான் அத்தை."

கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.