இடது பக்கத்துச் சும்மாடு

“கார்ல வந்தவுக யாருன்னுதானே கேக்குறீக மதினி? வேலியோரமா நின்னு எட்டி எட்டிப் பாத்தீகளே, உள்ள வந்திருந்தா ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிருக்கலாம்ல?”

நான் இப்படிக் கேட்டதும் பக்கத்து வீட்டு மதினிக்கு வெட்கம் வந்துவிட்டது. அவர் இந்தத் தெருவுக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் குதிரை ஏறியதைத் தெருவே சொல்லிச் சிரிக்கும். என்ன ஏது என்று அவருக்கு முழுதாகத் தெரியாது. முதலிலிருந்து சொன்னேன். காரில் வந்தவர், முன்பு இங்கே குதிரை பழக்கிய மேடத்தின் தங்கை. கோயம்புத்தூரிலிருந்து வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். மேடம் போன மாதம் இறந்துபோனார் என்று சொல்லி, என் கையில் ஒரு துணியைக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறத்துப் பழைய சேலைத் துணி. துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது. அது என் சும்மாடு. புல்லுக்கட்டுக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கிற துணிக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறேன் போல. அந்தப் பெண் தன் கைக்குட்டையை நீட்டினார்.

எங்கள் பக்கம் குதிரை என்றால் கோயில் திருவிழாவில், புரவி எடுப்பில் தோளில் தூக்கிப் போகிற மண் குதிரைதான். உயிருள்ள குதிரைகள் வந்து இறங்கியது, மலேசியாவிலிருந்து திரும்பிய முதலாளி ஒருவர் தன் பெரிய வீட்டை ஹோட்டல் ஆக்கிய பிறகு. வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டை அழித்து, மணல் கொட்டி, வெள்ளை வேலி அடித்து ஒரு களம் போட்டார். அங்கே குதிரைகளை ஓடப் பழக்கவில்லை, நடக்கப் பழக்கினார்கள். “நடக்குறதுக்கு ஒரு வாத்தியாராக்கும்” என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் எதற்குத்தான் சிரிக்கமாட்டார்? தாலி கட்டும்போதே சிரித்தவர். ஆனால் அந்த நடை லேசானதில்லை. மேலே இருப்பவர் கை அசைவது தெரியக் கூடாது. குதிரை கழுத்தை வளைத்து, சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்று, குறுக்காகவும் கால் வைக்க வேண்டும். அதற்குப் பெரிய ஊர்களில் போட்டி உண்டு. இளங்குதிரைகளைப் போட்டிக்குத் தயார் செய்ய வந்தவர்தான் மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒற்றை நாடி உடம்பு. குதிரைமேல் உட்கார்ந்தால் நட்டு வைத்த வேல் மாதிரி இருப்பார்.

காலையில் களத்து மணலைப் பல் வைத்த பலகையால் சீவிச் சமப்படுத்துவது என் வேலை. பிறகு புல் அறுத்துக் கொண்டுவர வேண்டும். களத்தைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துப் பலகைகள் நட்டிருந்தார்கள். எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அதனால் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, வாசல் பக்கம் இருந்ததைக் கூரை என்றும், எதிர்ப்பக்கம் இருந்ததை அரிவாள் என்றும், மூலையில் இருந்ததை ஏணி என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். மேடம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து பழக வருகிற டாக்டர் வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் பாடம். “கூரையில நுழைஞ்சு அரிவாள் வரைக்கும் நேராப் போங்க, கோணக் கூடாது!”

பழக வருகிறவர்களுக்கு முதலில் கால் மாட்டும் வளையத்தைக் கழற்றிவிடுவார். கையை விரிக்கச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார். அவர்கள் மூட்டை மாதிரி இங்குட்டும் அங்குட்டும் சாய்வார்கள். அந்த நேரம் பார்த்து நான் வரப்பில் கையை வீசிக்கொண்டு புல்லுக்கட்டோடு வந்துவிட்டால் போதும், பாடத்தை நிறுத்திவிடுவார். “அக்காவப் பாருங்க. கட்டு ஆடுதா? இடுப்புதான் நடக்குது, தலை சும்மா இருக்கு. குதிரைமேல அப்படி உட்காரணும்.” எனக்குப் பெருமை தாங்காது. வேண்டுமென்றே இன்னொரு நடை போய் வருவேன். தினமும் கட்டை என் தலையில் தூக்கிவிடுவதும் அவர்தான். முதல் நாள் தூக்கத் தெரியாமல் என் மேலேயே சாய்த்துவிட்டார். இருவரும் புல்லுக்குள் கிடந்து சிரித்தோம்.

ஒருநாள் கட்டைத் தூக்கும்போது அவருடைய இடது கை நழுவியது. “தூக்கம் பத்தலைங்கக்கா” என்றார். பிறகு ஒருநாள் மணலில் கண்டேன். சீவிய மணலில் கூரைக்கும் அரிவாளுக்கும் நடுவே விழுந்த குளம்புத் தடம் பாதி வழிக்கு மேல் இடது பக்கம் வளைந்து போயிருந்தது. அவர் அப்போது பழக்கிக்கொண்டிருந்தது செவலை என்று நான் கூப்பிடும் நாலு வயதுப் பெட்டைக் குதிரை. நாளுக்கு நாள் வளைவு கூடியது. அந்த வாரம்தான் மேடம் என் சும்மாட்டைக் கேட்டார். பழக வருகிறவர்களுக்கு வேண்டும் என்றார். கொடுத்தேன். மறுநாள் அவர் செவலைமேல் போகும்போது, சேணத்தில் அவருக்கு அடியில், இடது பக்கம் மட்டும், கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. சாய்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “நாலு மாசமாப் பாக்குறேன், ஒரு பக்கமாவே இழுக்குது. குதிரை டாக்டர் அது காலைப் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கிறாரு. பொறவியிலேயே கோணல் மேடம். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு வேற பாப்போம்.” தள்ளிவிட்டால் அது வண்டியிழுக்கத்தான் போகும் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் காலை மணலைச் சீவி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “அக்கா, செவலைமேல ஏறுறீங்களா?”

“ஆத்தி! எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று சொல்லிக்கொண்டே சேலையை நாற்று நடுகிற மாதிரி வரிந்து கட்டினேன். ஆசை யாரை விட்டது! தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். “தலைல புல்லுக்கட்டு இருக்குன்னு நினைச்சுக்கங்க, அவ்வளவுதான்.” கயிற்றைத் தொளதொளவென்று விட்டு அவர் தள்ளி முன்னே நடக்க, செவலை தானாகப் பின்னால் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் கண்மாய்க் கரை தெரிந்தது, எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது. “மேடம், என்னையப் பாத்தா ராணி மாதிரி இருக்கா? அந்தச் சிரிப்பாணி மனுசன் இப்பப் பாக்கணும்!” என்று கத்தினேன். அரிவாள் வரை போய் நின்றோம். மேடம் திரும்பி மணலைப் பார்த்தார். கயிறு பிடித்துப் பாத்தி கட்டியது போல ஒரே நேர்கோடாகத் தடம் கிடந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு தரம் போகச் சொன்னார். அதுவும் நேர்கோடு. மூன்றாம் தரமும் நான் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

“நல்லவேளைங்கக்கா. குதிரை நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லி, செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான் அப்படி நிற்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மதியமே முதலாளியிடம் சொல்லிவிட்டார். கோணல் குதிரைக்கு இல்லை, தனக்கு. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். நரம்பு நோய், இடது பக்கம் மெல்ல மெல்ல இளைக்கும் என்றார்களாம். செவலைமேல் வேறொருவர் ஏறி, பெங்களூர்ப் போட்டிக்குக் கொண்டுபோனார். நல்ல குதிரை என்ற பெயரோடு அது அங்கேயே தங்கிவிட்டது. மேடம் ஊருக்குப் புறப்பட்டபோது, “சும்மாட்ட நானே வச்சுக்கறேங்கக்கா” என்று மட்டும் சொன்னார்.

அன்று நான் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நினைத்த மறுநிமிடம் செவலை வந்து கண்ணில் நிற்கும். நான் நேராகத்தான் உட்காருவேன் என்று தெரிந்துதான் மேடம் என்னை ஏற்றினார். கடைசியில் சக்கர நாற்காலியிலும் இடது பக்கம் இந்தத் துணியைத்தான் வைத்திருந்தாராம். இன்று தங்கை சொன்னார். விரித்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி எல்லாச் சுருக்கத்தையும் எடுத்துவிட்டிருந்தது. அவர் உட்கார்ந்த தடம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பத்திரமா பெட்டிக்குள்ள வைங்க” என்றார். அதற்குள் என் கை பழக்கத்தில் துணியை முறுக்கிச் சுருட்டிவிட்டிருந்தது.

“தலைல வைக்கிறத பெட்டில வச்சு என்ன செய்ய மதினி? மாடு கத்துறது கேக்கலையா? இந்தா, இங்குட்டு வந்து இந்தப் புல்லுக்கட்ட ஒரு கை தூக்கிவிடுங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க.”