அம்மா வழி ரத்தம்

மீன் முள் தொண்டையில் குத்துகிறது. லெய் சிரித்துக்கொண்டே விழுங்குகிறான். கீழவாசல் சந்தையில், எல்லோர் கண்ணும் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சூ நாட்டாரைப் போல அரிசிச் சோறும் மீனும் தின்பான். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு நம்மைப் போலத் தினைக் கஞ்சிதான். சொன்னது அவன் மனைவியே.

மூங்கில் பட்டையில் மனு எழுதித் தருவது அவன் தொழில். பக்கத்தில் நான் வைக்கோல் செருப்பு விற்கிறேன். மற்ற ஆறு நாடுகளையும் நம் சின் நாடுதான் விழுங்கும் என்று இந்தச் சந்தையில் உரக்க மார்தட்டியவன் இவன். விழுங்கியதோ தெற்கே இருந்த சூ நாடு. அவர்கள் படை நம் தலைநகர் சியான்யாங்குக்குள் நுழைந்த மூன்றாம் நாள் லெய் தலையில் உயரத் தொப்பி. பத்தாம் நாள் கையில் அவர்கள் எழுத்து. மனுக் கொடுக்க வரும் கிழவிகளிடம், "என்னம்மா சொல்ற? இந்த ஊர் பேச்சு எனக்குப் பிடிபடல. எங்கம்மா வழியில தெக்கத்தி ரத்தம்" என்பான். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். வெய் ஆற்றைத் தாண்டி ஒருநாளும் போனவள் அல்ல.

இப்படியே மூன்று வருடம் ஓட்டிவிட்டான். போன மாதம் போர்க் கைதிகளைக் கீழவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ரத்த உறவு யாராவது 'என் ஆள்' என்றால் விடுதலை. இல்லாவிட்டால் தெற்கே சதுப்பு நிலத்தில் கரை போடப் போக வேண்டும். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை. வரிசையில் நாலாவதாக நின்றவன் லெய்யின் தம்பி பெங். செத்துவிட்டான் என்றே நினைத்திருந்தோம்.

"அண்ணே! நான்தாண்ணே, பெங்!"

லெய் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு மொழிபெயர்ப்பாளனிடம் சூ பேச்சில், "இவரு என்ன சொல்றாரு?" என்றான். இந்த மூன்று வருடத்தில் எனக்கே அவ்வளவு புரியும்.

பொறுக்க முடியாமல் கத்தினேன். "அடப்பாவி, கூடப் பொறந்தவன்டா அவன்!"

கைதிகளோடு வந்த சூ அதிகாரி திரும்பினார். "நீ அவனுக்கு உறவா?"

"இல்லைங்க. பக்கத்துக் கடை."

"அப்ப வாயை மூடு."

மொழிபெயர்ப்பாளன் பொறுமையாகச் சொன்னான்: "உங்கள அண்ணன்னு கூப்பிடுறான். தெரிஞ்சவனா?"

"பாவம், வெயில்ல புத்தி கலங்கிப்போச்சு போல" என்றான் லெய்.

பெங் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். வரிசை எங்களைக் கடந்தபோது புழுதி கிளம்பியது. லெய் குனிந்து, அங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.