என் வீட்டுக்காரரை நான் சந்தித்த நகரம்

கல்யாணமாகிப் பதினெட்டு நாள் நாங்கள் ஒன்றாக இருந்தோம். அதில் பாதி, உறவினர் வீடுகளில் விருந்து சாப்பிடுவதில் போயிற்று. பத்தொன்பதாம் நாள் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். விசா வந்ததும் நான் போவதாக ஏற்பாடு. அதுவரை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாமனார் மாமியாருடன் இருந்தேன். தெருவில் ஒன்றிரண்டு வீடுகளுக்கு பிராட்பேண்ட் வரத் தொடங்கியிருந்த சமயம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் செய்வார். முதலில் மாமனார் பேசுவார், பிறகு மாமியார், கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும். இருவரும் அங்கேயே நின்றிருப்பார்கள். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பேன், சாப்பிட்டேன் என்பார், நீ என்பார், ம் என்பேன். அந்த மனிதருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது.

மூன்றாம் மாதம், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் மாமியாருக்கு. எனக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அட்டையில் முகமூடியும் மேலங்கியும் போட்ட சிலர் ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றார்கள். கூடவே இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம். அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. முதல் வரியில் ‘அன்புள்ள’ என்று இருந்தது. மற்றதெல்லாம் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பது. கடைசியில், ‘இதற்குள் வந்தால் நாம் இருவர் மட்டும் பேசலாம்’ என்று எழுதியிருந்தார்.

கம்ப்யூட்டர் முன்கூடத்தில் இருந்தது. போன் லைன் அங்கேதான் வந்தது. அதே கூடத்தில்தான் மாமனாரின் தறியும். இன்டர்நெட்டிலிருந்து மிச்சத்தை இறக்கிக்கொள்ள அந்த விளையாட்டு இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். அவருக்கு அது வெள்ளிக்கிழமை இரவு.

உள்ளே போனதும் நகரம் வரவில்லை. முதலில் நம் உருவத்தை நாமே செய்துகொள்ள வேண்டுமாம். ஆணா பெண்ணா, எவ்வளவு உயரம், தோள் எவ்வளவு அகலம், தாடை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் உயரம் போதாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே உயரத்துக்கு ஒரு கோடு இருந்தது. அதைக் கடைசிவரை இழுத்துவிட்டேன். தோளையும் அப்படியே. உடம்பு முழுக்கக் கல்லாக மாறும் சக்தியை எடுத்துக்கொண்டேன். உடைக்கு இரண்டு நிறம் கேட்டது. அரக்கு வைத்துவிட்டு அடுத்தது தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தபோது, தறியிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

“அரக்குக்கு மயில்கழுத்துதாம்மா எடுக்கும்.”

அது என்ன, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மயில்கழுத்தை வைத்தேன். எடுத்தது.

இதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் ஓர் அகலமான படிக்கட்டின் கீழ் நின்றேன். தலைக்கு மேல் மனிதர்கள் பறந்தார்கள். நடந்து போகிறவர் யாருமே இல்லை. ஒருவர் உடம்பெல்லாம் நெருப்பாக என்னைக் கடந்து ஓடினார், இன்னொருவர் பச்சைத் தவளை உருவத்தில் ஒரே தாவலில் மாடியேறினார். எல்லோருமே வீரர்கள் என்றால் யாரை யார் காப்பாற்றுவது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. தெருமுனைக்குப் போனதும் புரிந்தது. அங்கே இரண்டு திருடர்கள் ஒரு பெண்ணின் கைப்பையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடித்து விரட்டினால் அவள் நன்றி சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அதே முனையில் வேறொரு பெண்ணின் பையை வேறிரண்டு பேர் இழுப்பார்கள். போலீஸ் கண்ணிலேயே படவில்லை.

முதல் சண்டையிலேயே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா என்று திரை கேட்டது. ஆமாம் என்றதும் ஒரு வெள்ளை அறையில் நின்றபடியே கண் விழித்தேன். டோக்கன் இல்லை, வரிசை இல்லை. வாசலில் ஒல்லியான ஓர் உருவம் காத்திருந்தது. சாம்பல் நிற உடை, கண்ணை மட்டும் விட்டு முகத்தை மறைத்த மூடி. அதன் தலைக்கு மேல், கடிதத்தில் அவர் எழுதியிருந்த தன் விளையாட்டுப் பெயர்.

அவர் சண்டை போடுகிறவர் அல்ல. மற்றவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அடிபட்டவர்கள் மேல் கையிலிருந்து பச்சை ஒளியைப் பாய்ச்சிக் காயம் ஆற்றுகிறவர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த வேலையைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் விஷயம். என் கல் உருவத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, ‘இவ்வளவு பெருசா எதிர்பார்க்கல’ என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் போனேன். நான் முன்னால் போய் அடி வாங்குவேன், அவர் பின்னாலிருந்து ஆற்றுவார். நாலு பேர் சேர்ந்து வந்துவிட்டால் ‘வாங்க’ என்று டைப் அடிக்க நேரம் இருக்காது. ‘வா’ என்று மட்டும் அடித்தேன். முதல் தடவை அடித்தபோது கை கொஞ்சம் நின்றது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, வந்தார்.

ஒரு வாரம் மாமியார் நாற்காலி இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவனாம்மா அது? மூஞ்ச ஏன் மூடிக்கினு இருக்கறான்? எளச்சிட்டானா?”

இது படம் மாதிரி, உண்மையான உடம்பில்லை என்று விளக்கினேன். சாப்பிட்டானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதினேன். சாம்பல் உருவம் எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கியது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

விசாவுக்கான காகிதங்கள் மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இதற்கிடையில், ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு விளையாட்டுக்கு வரச் சொன்னார். லீவு என்றார். அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வந்தார். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அவருக்குக் காலை ஒன்பது மணி. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், ஆனால் போட்டுப் பார்க்கவில்லை.

அவருடைய குழுவில் ஊதா உடை போட்ட ஒரு பெண் இருந்தாள். இரண்டு வருடமாக அவரோடு விளையாடுகிறவள். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது எனக்கு மட்டும் தெரியும்படி இங்கிலீஷில் எழுதினாள். நீ வந்ததில் சந்தோஷம், இந்த நேரத்தில் அவனுக்கு யாராவது துணை வேண்டும், சீக்கிரம் வேறு வேலை கிடைக்கட்டும், வேலை இல்லாமல் ஆறு வாரம் என்பது ரொம்ப நீளம் என்றாள். எனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டாள். ‘ஆமாம்’ என்று பதில் அடித்தேன்.

அவர் திரும்பி வந்ததும், தனியாக எங்கேயாவது போகலாமா என்று கேட்டேன். எனக்கு அப்போது பறக்க வராது. நண்பர்களைத் தான் நிற்கும் இடத்துக்கே வரவழைத்துக்கொள்ளும் ஒரு சக்தி அவரிடம் இருந்தது. அதனால் என்னை ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டார். கீழே கடல் தெரிந்தது.

‘வேலை போயிடுச்சா?’ என்று எழுதினேன்.

ஆட்டக்காரர் பொத்தானைத் தொடாமல் இருந்தால் அந்த உருவங்கள் தாமாகவே இப்படி அப்படிப் பார்க்கும், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கும். அவருடைய உருவம் வேடிக்கை பார்ப்பதுபோல நிதானமாகக் கடலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அங்கே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மூன்று கஜம் தள்ளி மாமனார் தறியில் இருந்தார்.

கடைசியில் எழுத்து வந்தது. ‘அப்பாகிட்ட சொல்லாத.’

சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், ஆபீசில் வேலை அதிகம் என்று அவர் தன் அப்பாவிடம் சொல்வதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு சரளமாகச் சொன்னார் என்பதுதான் என்னை உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை அதே மாடியில், மாதக் கடைசிக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று முழு வாக்கியமாக அடித்தேன். சரி என்றார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. மாமனார் நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வாப்பா. இங்க இல்லாத வேலையா?” என்று மட்டும் சொன்னார். ரிசீவரை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் மாமா.”

“எத்தினி நாளா?”

“இருபது நாளா.”

தறிக்குழியில் போய் இறங்கினார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மாமியார் அழுதார், பிறகு பிள்ளை வருவதை நினைத்துச் சந்தோஷப்பட்டார், பிறகு தெருவில் என்ன சொல்வது என்று யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் மாமனார் காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அவன் பயந்துக்கினு இருந்திருப்பான். உன்கிட்டயாவது சொன்னானே” என்றார். என்னிடம் அவர் தானாகச் சொல்லவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அவர் வந்தார். இரண்டு நாள் தூங்கினார். இரண்டு மாதத்தில் சென்னையில் வேலை கிடைத்தது, தாம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்த்தோம். விளையாட்டுக்குக் கட்டும் சந்தாவை நிறுத்திவிட்டோம். ஊதா உடைப் பெண்ணிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்று அவருக்குச் சில நாள் வருத்தம்.

எனக்குக் கோபமே வரவில்லை என்று அவர் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். நானும்தான். பிறகு ஒரு சாயங்காலம், கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டு, செய்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது அத்தனையும் வந்தது. ஆறு வாரம், ஞாயிற்றுக்கிழமை போன், யாரோ ஒருத்தி சொல்லி நான் தெரிந்துகொண்டது, எல்லாம். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை நின்று கேட்டார். அன்று குழம்பு பாதி வெந்தபடியே கிடந்தது. தெருமுனைக் கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தோம்.