சக்கரபாணி ஒட்டிய டெயில் பேட்

முதலியார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் சக்கரபாணி எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டான். கடலும் அளவுக்குள் அடங்கும் என்றுதான் நினைத்திருந்தான்.

2008-இல், பட்டறைக்கு வாடிக்கையாக வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய சர்ஃப் பலகையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஞாயிறு காலையானால் அவனும் மனைவி ஹேமலதாவும் மொபெட்டில் வீராம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவது ஹேமலதாவின் பொறுப்பு. வாரம் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்து கிடப்பவளுக்கு அதுதான் திருவிழா.

முதல் மாதமே அவள் பலகைமேல் எழுந்து நின்றுவிட்டாள். சக்கரபாணி இன்றுவரை குப்புறப் படுத்தபடிதான் கரைக்கு வருகிறான். ஆனால் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரன் கன்னியப்பனிடம் மட்டும், "சும்மா நின்னுக்கிட்டே வரேன்டா" என்று அளந்து வைத்திருந்தான். அந்தப் பொய் இல்லாமல் அவனுக்கு டீ இறங்காது.

பலகை வழுக்காமல் இருக்க மேலே மெழுகு தேய்க்க வேண்டும். நம்மூர் வெயிலில் மெழுகு இளகி, ஹேமலதாவின் துப்பட்டாவிலிருந்து வீட்டுப் பாய் வரை எல்லாவற்றிலும் ஈஷியது. சக்கரபாணிக்கு வெறுத்துப் போனது. வெள்ளைக்காரர் பலகையோடு கொடுத்த பையில் பிரிக்காத டெயில் பேட் ஒன்று கிடந்தது. பலகையின் வால்பக்கம் ஒட்டும் சொரசொரப்பான மெத்தை அது. பின்கால் அதன்மேல் நின்றால் வழுக்காது. மண்ணெண்ணெய் ஊற்றி மெழுகையெல்லாம் சுரண்டினான். மிச்சமிருந்த மெழுகுக் கட்டியையும் குப்பையில் போட்டான். பலகையைத் தலையணைமேல் கிடத்தி, ஏறி நின்று, பின்கால் விழுந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

"வூட்டுல நின்னு பாத்தா ஆச்சா? தண்ணியில நின்னு பாத்து ஒட்டுங்க," என்றாள் ஹேமலதா.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

அழுத்தி ஒட்டினான். இனி அது நகராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் நிற்கும் அழகைப் பார்க்கவென்றே கன்னியப்பனும் வந்துவிட்டான். நல்லவேளையாக ஹேமலதா முதலில் இறங்கினாள். எழுந்தாள். அவள் கால்கள் பலகையின் நடுவில் விழுந்தன. பேட் எங்கோ பின்னால் கிடந்தது. சர்ரென்று வழுக்கி விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். அடுத்த முறை மோவாய் பலகையில் இடித்தது.

கரைக்கு வந்து துப்பட்டாவைப் பிழிந்தாள்.

"உங்க காலுக்குத்தான அளவெடுத்தீங்க? இனிமே நீங்களே வாங்க. நான் வரல."

சக்கரபாணிக்குக் கடல்மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. அலைமேல் எழும்போது அவள் முகம் மலருமே, அதைப் பார்க்கத்தான் வாராவாரம் உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அது இனி இல்லை என்றால் எப்படி? பயந்தே போனான்.

சற்றுத் தள்ளி, சுற்றுலா வந்தவர்களுக்குச் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் முகிலன் நின்றிருந்தான். சக்கரபாணி ஓடிப்போய் மெழுகு கேட்டான்.

"பின்காலுக்குத்தான் பேட் இருக்கே, உங்க முன்காலுக்கா, அண்ணே?"

கன்னியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். சக்கரபாணி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு முகிலன் பக்கம் திரும்பினான்.

"எனக்கில்லப்பா, என் சம்சாரத்துக்கு. அவதான் நிக்கிறா. நான் ஒரு நாளும் நின்னதில்ல."

கன்னியப்பன் மணலில் உட்கார்ந்து சிரித்தான். ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். சக்கரபாணி விட்ட கதையெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. நடந்து வந்து மெழுகை வாங்கி, பலகையில் தன் கால்கள் விழும் இடத்தில் வட்டவட்டமாகத் தேய்த்தாள்.

"இந்தப் பேட்டைப் பிச்சிடட்டா?" என்று மெல்லக் கேட்டான் சக்கரபாணி.

"கெடக்கட்டும். நீங்க படுத்துக்கிட்டு வரும்போது கால் வழுக்காம இருக்கும்ல."

பலகையோடு ஓடினாள். வந்த அலையில் எழுந்தாள், கால் அசையவில்லை, கரை தட்டும்வரை நின்றபடியே வந்தாள்.

"பாத்தியாடா கன்னியப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் சக்கரபாணி. "பாத்தியாடா!"