காருக்கு மாட்டிய சிவப்பு ஃபில்டர்

அந்த ஏர் ஃபில்டரை விற்றவன் இன்று எதிரில் வந்தாலும் இரண்டு அறை விடுவேன். 'இஞ்சின் தாராளமாக மூச்சு விடும், பவர் கூடும்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தான். நெய்வேலியில் மனுஷனே தாராளமாக மூச்சு விட முடியாது. கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுப்போம். இந்த ஊரில் இஞ்சின் வாயைத் திறந்து வைத்தால் உள்ளே என்ன போகும்?

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்தவர். பெல்ட் ஓடும் இரைச்சலில் நின்று நின்று காது பாதி போய்விட்டது. வேலைக்காலம் முழுக்க ஷிப்ட் பஸ்ஸில் போனவர், ரிட்டையர் ஆவதற்கு முந்தைய வருஷம் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார். ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஆனால் எப்போது கியர் மாற்றுவது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கதற விடுவார். இல்லாவிட்டால் ஊர்ந்து போகும்போது நாலாவதைப் போடுவார், வண்டி உதறி நின்றுவிடும். மெயின் பஜார் ரவுண்டானாவில் ஒருநாள் அப்படி நின்றபோது பின்னால் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. பஸ் நிறைய அவர் கூட வேலை செய்பவர்கள். மறுநாள், "இன்னாண்ணே, நடுரோட்ல வண்டிக்கு வீக்லி ஆஃப் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்களாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் வீட்டில் சொன்னார். ஆனால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ரிட்டையர் ஆகிறவருக்கு மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, வெடி வெடித்து, குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பாவுக்கு ஜீப் வேண்டாம். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும், மற்றவர்கள் பின்னால் வரவேண்டும், வழியில் வண்டி நிற்கக் கூடாது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

அண்ணன் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பெரிய மெக்கானிக் ஆகியிருந்தான். வண்டிக்கு இழுவை போதவில்லை என்று அவனே முடிவுகட்டினான். முதலில் பெட்ரோலில் ஏதோ மாத்திரை போட்டான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சிகரெட் லைட்டர் துளையில் ஒரு கருவியைச் செருகினான். அதில் பச்சை விளக்கு எரிந்தது, அதோடு சரி. கடைசியில் பண்ருட்டிக்குப் போய் கூம்பு மாதிரி இருந்த இந்தச் சிவப்பு ஃபில்டரை வாங்கிவந்து, வண்டியோடு வந்த ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு மாட்டினான்.

"மைன்ஸ் ரோட்டுல ஓடுற வண்டி. தூசு பூரா உள்ள போவாதா?" என்று கத்தினேன்.

"நீ பி.காம். சும்மா இரு."

அப்பா ஸ்டார்ட் செய்தார். டப்பா இல்லாததால் இஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார், விட்டார், மறுபடியும் மிதித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேக்குதும்மா" என்றார்.

அன்று முதல் வண்டி நிற்கவில்லை. சத்தம் ஏறும்போது கியரை மாற்றினார், இறங்கும்போது குறைத்தார். "பாத்தியா பிக்கப்ப?" என்று அண்ணன் பீற்றிக்கொண்டான். மண்ணாங்கட்டி பிக்கப். வேகம் அதே வேகம்தான். ஆள் ஏறினால் அதே திணறல்தான். யாராவது இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: அந்தச் சாமான்கள் எதுவும் இஞ்சினுக்கு ஒரு பலமும் தராது. ஆனால் அந்தச் சில மாதங்களைப் போல ஒரு காலம் எங்கள் வீட்டுக்கு அப்புறம் வாய்க்கவில்லை. பலாச்சுளை வாங்கப் பண்ருட்டி, ஒரு வேலையும் இல்லாமல் சேத்தியாத்தோப்பு, பாலத்தில் இறங்கி வெள்ளாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. வண்டிக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்பா மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பிறகு புகை வந்தது. தூசு உள்ளே போய் இஞ்சினை அரித்துவிட்டது, உடனே பழைய டப்பாவை மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றார் மெக்கானிக். பயந்துபோன அண்ணன் ஸ்பேனரோடு வந்து நின்றான். அப்பா பானெட்டைத் திறக்க விடவில்லை.

"அத்த மாட்டுனா எனக்கு வண்டி எங்கடா கேக்கப் போவுது? ரிட்டையர் ஆவுற அன்னிக்கு ஓட்டிக்கினு வந்துட்டா போதும். அப்பறம் செத்தா சாவட்டும்."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை நானே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ரிட்டையர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு அவர்தான் ஓட்டிவந்தார். பின்னால் நீலப் புகை, அதற்குப் பின்னால் பைக்குகள், இருமிக்கொண்டே வெடி போட்டவர்கள். "அண்ணே, தெர்மல் ஸ்டேஷன் சிம்னிய வூட்டுக்கே தூக்கினு வந்துட்டீங்களே" என்று ஒருவர் கத்தினார். அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ரவுண்டானாவில் இரண்டாவதுக்கு இறக்கி, திரும்பி, மூன்றாவதைப் போட்டு, ஒரு உதறல் இல்லாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். "இறங்குங்க, கற்பூரம் அணையுது" என்றாள்.

அவர் இறங்கவில்லை. கையைக் காட்டி அவளை இருக்கச் சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டரை இன்னொரு தடவை மிதித்து, அந்தச் சத்தம் முழுக்க அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்பினார்.