எழுதாதே என்றாள் அக்கா

அக்கா அன்று மலையிலிருந்து இறங்கி வந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மடிக்கணினியில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததை நான் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். என்னிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலுக்குள் போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கிய ஒரு ஜீப்பு இருந்தது. அதன் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்த அக்கா இருந்தாள். ஜீப்பு என்ற சொல்லுக்கு நான் வந்ததுமே அவள் கை நின்றுவிட்டது. துண்டை மடியில் வைத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"இத யாரு படிப்பாங்க?"

"காலேஜ்ல இருக்கவங்கக்கா. நாலஞ்சு பேரு படிச்சு மார்க்கு போடுவாங்க. அத வச்சுத்தான் நேர்ல பேசக் கூப்பிடுவாங்க."

"மொகந்தெரியாத நாலு பேரு எம்புள்ளையப் படிச்சுப்புட்டு மார்க்கு போடுவாங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எழுதாத பாப்பா." எழுந்து போய் உலையை வைத்தாள்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். போடியில் எங்கள் தெருவிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, மெட்டைத் தாண்டி கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்புவார்கள். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அந்த ஜீப்பில் ஏறியதால்தான் நான் நர்சிங் படிக்க முடிந்தது. கல்யாணமான பின்பும் அவள் நிறுத்தவில்லை. மாமா லோடு வண்டி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் இருப்பார். நான் படிப்பு முடித்து, போடியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அவர்களோடுதான் இருந்தேன்.

அந்த ஜீப்பில் நானும் இருந்தேன். படிப்பின் கடைசி வருட விடுமுறையில், காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம், நானும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இதை இங்கே எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டேன். "ஜீப்ப எழுதிக்க. ஆஸ்பத்திரிய எழுதாத. பேரப் போடாத" என்றாள். ஆகவே ஜீப்பை மட்டும் எழுதுகிறேன். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஏலச்செடிகளின் அடியில் குந்தி உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தவள், மதியத்துக்குப் பிறகு எழ முடியாமல் செடியைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "எந்து பற்றி சேச்சி?" என்று மலையாளத்தில், என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அக்கா சொன்னாள். எல்லோரும் வேலை முடித்து ஏறினால்தான் ஜீப்பு கிளம்பும். கிளம்பியபோது மெட்டில் பனி இறங்கியிருந்தது. வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, நின்று, ஊர்ந்து இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தேன். நாடி ஓடிய ஓட்டம் எனக்குப் புரிந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் படித்திருந்தேன். அந்தச் சாலையில் செய்வதற்கு எதுவுமே இல்லை. கீழே மலையடிவாரத்து முந்தலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

பின்னால் யோசிக்கும்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. கால் வீங்கியிருந்தது. அடிக்கடி தலைவலி என்றாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதை ஒரு தடவை சோதித்திருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கர்ப்பிணிகளைப் பார்க்கும் இடம் திறக்கும்போது ஜீப்பு மலை ஏறிவிட்டிருக்கும். ஜீப்பு இறங்கும்போது அந்த இடம் பூட்டியிருக்கும். யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. இரண்டு நேரங்கள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை, அவ்வளவுதான். படுக்கையில் கிடப்பவருக்கு ஊசி போடுவது எனக்குத் தெரியும். இந்த நேரங்களைச் சந்திக்க வைப்பது எப்படி என்று படிக்க ஒரு படிப்பு உண்டு என்று தெரிந்ததும், அதைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

எனக்குப் பாடம் எடுத்த மேடம்தான் விண்ணப்பத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். அக்கா மறுத்ததை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நாடு முழுக்க இருந்து அப்ளிகேஷன் வரும். எல்லாரும் புள்ளிவிவரம்தான் எழுதுவாங்க. உன்கிட்ட இருக்கறது வேற யார்கிட்டயும் இல்ல. பேர மாத்திட்டு எழுது. அக்காவுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார். அவர் என் நல்லதற்காகத்தான் சொன்னார். அக்காவுக்குத் தெரியப்போவதில்லை என்பதும் உண்மைதான். அந்த உண்மைதான் என்னை அந்த வாரம் முழுவதும் தூங்கவிடாமல் செய்தது. அக்கா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். தட்டு வைத்தாள், எடுத்தாள். நான் மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசலுக்குப் போய்விடுவாள். கடைசி நாள் நெருங்க நெருங்க, திரையில் அந்தப் பழைய கட்டுரையையும் வெறுமையான ஒரு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் பழையதை அழித்தேன். ஜீப்புகள் கிளம்பும் நேரம், சோதனை நடக்கும் நேரம், எல்லையின் இரண்டு பக்கமும் இரண்டு மாநிலங்களாக இருப்பதால் இந்தப் பெண்கள் எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சரியாக வராமல் போவது என்று எழுதி அனுப்பினேன். மேடம் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. ஆனா உயிரில்லையேம்மா" என்றார்.

இருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இணையவழியில் நடக்கும் என்றார்கள். அந்த நாள் பார்த்து மழை கொட்டியது. மலைப்பாதையில் பாறை சரிந்து ஜீப்புகள் போகவில்லை. அதனால் அக்கா வீட்டில் இருந்தாள். எங்களுடையது ஒரே அறையும் சமையல் மூலையும் கொண்ட வீடு. நான் சுவரோரம் மேசை போட்டு உட்கார்ந்தேன். அக்கா காமிராவில் விழாதபடி மடிக்கணினிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரைக்கு மேலே பார்த்தால் அவள் உச்சந்தலை தெரிந்தது.

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் கட்டுரையில் ஒரு மனிதர்கூட இல்லையே. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது நேர்ந்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஃபேமிலி என்ற சொல் தெரியும். கீரை ஆய்ந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. சொல் என்றும் காட்டவில்லை. வெறுமனே பார்த்தாள். நானும் திரையை விட்டு அவளையே பார்த்தேன். மழையில் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும், "கேட்கிறதா?" என்றார் ஒருவர்.

"கேட்கிறது. நேர்ந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றேன்.

"இங்கே பேசுவது வெளியே போகாது" என்றார் பேராசிரியர். கனிவாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார். இருந்தாலும் அது என்னுடையது இல்லை."

அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அதன் பிறகு கேட்டவை எல்லாம் சிறிய கேள்விகள். முடிந்து திரையை மூடியதும் அக்கா கேட்டாள்: "என்னையத்தான கேட்டாங்க?"

"ஆமா."

"என்னான்டு சொன்ன?"

"சொல்ல மாட்டேன்டு சொன்னேன்."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "கெடைக்காமப் போயிருமா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

கிடைக்கவில்லை. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு பதில்தான் காரணமா, இல்லை என்னைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அக்கா முடிவு கட்டிவிட்டாள். "பாப்பா படிப்புக்கு நாந்தான் குறுக்க நின்னுட்டேன்" என்று மாமாவிடம் சொல்லி அழுததாகப் பிறகு அறிந்தேன். அந்த ஒரு வருடம் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கே பயந்தோம். மறுவருடம் சென்னையில் வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அங்கே எழுத்துத் தேர்வும் வேலை அனுபவமும்தான் பெரிது. இடம் கிடைத்தது என்று சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

படிப்பின் இரண்டாம் வருடத்தில் களப்பணிக்கு எங்கள் ஊரையே கேட்டு வாங்கினேன். மலைக்குப் போகும் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டினேன். அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், நான் அழைத்திருக்கவில்லை. யாரும் விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை, நான் எழுதுவது பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுவேன் என்று முதலிலேயே சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூணோரம் ராசிங்காபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு சின்னப் பெண், நிறைமாதத்தை நெருங்கியவள், கால்களைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"காலக் காட்டு ஆத்தா. எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. செருப்பு ஏறல. தலை வலிச்சுச்சு. பித்தமுன்டு சுக்குக் காப்பியக் குடிச்சுப்புட்டு ஜீப்பு ஏறுனேன்."

பிறகு முழுவதையும் சொன்னாள். நான் எழுதக் கூடாது என்று சொன்ன பகுதியையும் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். நாடி பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள் நான். எனக்கு அது தெரியாது. என் கையில் பேனா இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"இத எழுதாத. இவ கேக்கத்தான் சொன்னேன்" என்றாள். நான் பேனாவை மூடினேன்.

மறுநாள் விடிகாலை ஜீப்பு வழக்கம்போல வந்து நின்று, இரண்டு இடம் காலியாகக் கிளம்பியது. அக்கா அந்தப் பெண்ணையும் அவள் மாமியாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், நானும் போனேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். உடனே தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள்.

இன்று மலைக்குப் போகும் பெண்களுக்காக ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் வாரம் ஒரு மாலை சோதனை நடக்கிறது. அதற்காக எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதை நடத்துவதுதான் இப்போது என் வேலை. அந்தப் பெண்ணின் குழந்தை எங்கள் தெருவில் ஓடித் திரிகிறது. இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். ஏதோ சொல்லி வைக்கிறேன். உள்ளுக்குள் நான் பார்ப்பது ஆம்புலன்ஸ் கிளம்பிய அந்தக் காலையைத்தான். கூட ஒருத்தர்தான் ஏறலாம் என்றார்கள். மாமியார் பதறிப்போய் நின்றாள். அதற்குள் அக்கா ஏறி அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க இவங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் வண்டியோடு வந்தவர்.

"கூட மலைக்குப் போறவ" என்றாள் அக்கா. "வெரசா எடுங்கண்ணே."